பெனேடோ தீவின் எதிர்மணி

கிழக்கே போனால் திரும்பி வர முடியாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால் செலஸ்தீனா மச்சாது மேற்கே போனாள். லிஸ்பன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் தாதி வேலை பார்த்துவந்த அவள், குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது இதோ வரும் அதோ வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வந்தபாடில்லை. அட்டை இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். மறுபடி உள்ளே வருவதுதான் நடக்காது. இப்படித்தான் அம்மா ரெஜினா இறந்தபோதும் அவளால் தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற அமலித்துறைக்குப் போக முடியாமல் போயிற்று. இப்போது அப்பா இன்னாசி படுத்த படுக்கையாகக் கிடந்தார். அம்மாவுக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்கவில்லை, அப்பாவுக்காவது போட வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது, அதற்கும் வழி தெரியவில்லை. வேலையில் லீவு கொடுத்தார்கள். அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்து, அந்த நாடு மேற்கே எதுவரை போகிறதோ அதுவரை போய்ப் பார்ப்போம் என்று, அட்லாண்டிக் கடலின் நடுவே வரைபடத்தில் ஒரு மிளகளவு கிடந்த பெனேடோ தீவுக்கு டிக்கெட் எடுத்தாள். துக்கத்தில் மனுஷர்கள் எடுக்கிற முடிவுகளில் இதைவிட மோசமானவை எத்தனையோ உண்டு.

பெனேடோ கறுப்புக் கல்லால் ஆன தீவு. கறுப்புக் கல் வீடுகள், கறுப்புக் கல் சுவர்கள், சுவர்களுக்கு நடுவே பச்சைப் புல், புல் மேல் மனுஷர்களைவிட அதிகமாக மாடுகள். ஆட்கள் குறைவு என்பதால் ஒவ்வொருவரும் நாலு வேலை பார்த்தார்கள். செலஸ்தீனா வந்த சின்ன விமானத்திலிருந்து பெட்டிகளை இறக்கிய விர்ஜிலியோ என்கிற பெரிய மீசைக்காரர், விமானம் மறுபடி கிளம்புகிறபோது தலையில் தீயணைப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு நின்றார், அது கிளம்பிப் போனதும் தொப்பியைக் கழற்றிவிட்டு டாக்சி ஓட்டுகிறவராக வந்து அவள் பெட்டியைத் தூக்கினார், பெட்டியில் ஒட்டியிருந்த பெயரையும் படித்தார். மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளுகிற கோயில்பிள்ளையும் அவர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"மச்சாதுவா? மேல்தெரு மச்சாதுவா, துறை மச்சாதுவா?" என்று கேட்டார்.

அவர் பேசியது போர்த்துகீசியம்தான். ஆனால் செலஸ்தீனாவின் காதில் அந்தத் தீவுக்காரர்கள் பேசியதெல்லாம் அமலித்துறைப் பேச்சாகவே விழுந்தது, அவள் சொன்னதும் அப்படித்தான் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும், ஆகவே நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

"நான் இந்தியாக்காரி அண்ணாச்சி. கடக்கரை ஊரு."

"கடக்கரையா? அப்ப துறை மச்சாதுதான்" என்று முடிவு பண்ணி, அவளைத் துறைக்குப் பக்கத்தில் ஒலிந்தா என்பவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஒலிந்தா கைம்பெண்; பாலாடைக்கட்டி செய்கிறவள், வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவள், அந்த வாரம் இஸ்பிரீத்து சாந்து என்கிற பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் அவள் வீட்டில்தான் இருந்தது. அந்தக் கிரீடம் வாரம் ஒரு வீடாகத் தீவு முழுக்கச் சுற்றும். எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீடுதான் அந்த வாரம் ஊருக்கு நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் சமைத்துப்போட வேண்டும். கிரீடத்தின் முன்னால் மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்ததும் செலஸ்தீனா தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள், சாப்பிட உட்கார்ந்தாள், தூங்கப்போனாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில் அமலித்துறைக் கோயில் மணி அடித்தது.

அது வேறு எந்த மணியாகவும் இருக்க முடியாது. அவள் பிறப்பதற்கு முந்தி ஒரு புயலில் கோபுரத்திலிருந்து விழுந்து கீறல் விட்ட மணி அது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் வெண்கல மூடி நடுங்குகிற மாதிரி ஒரு சின்ன அதிர்வு தொங்கிக்கொண்டு வரும். ஊரில் இப்போது மத்தியானம், மூவேளை செப மணி அடித்துக்கொண்டிருக்கிறது. அடித்து முடிந்தது. ஓர் 'அருள்நிறைந்த மரியே' மந்திரம் சொல்லுகிற நேரம் கழித்து, கடலில் இருக்கிறவர்களுக்காக எப்போதும் அடிக்கிற ஒற்றைக் கடல்மணியும் அடித்தது. அது ஓய்ந்ததும், கைக்கெட்டும் தூரத்தில் தீவின் கோயிலிலிருந்து இன்னொரு மணி ஒரே ஓர் அடி அடித்து நின்றது. செலஸ்தீனா வெறுங்காலோடு அடுப்படிக்கு ஓடினாள். ஒலிந்தா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது என்ன மணி?"

"அதுவா, பக்கத்து வீட்டு மணி."

"எந்தப் பக்கத்து வீடு?"

"அது யாருக்குத் தெரியும்? நம்ம மணி இல்ல, அவ்வளவுதான். காப்பியில சீனி போடட்டுமா?"

தீவில் ஆள் குடியேறிய காலத்திலிருந்தே அந்த மணி கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுத்தான் பால் கறந்தார்கள், ரொட்டி மாவை அடுப்பில் வைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினார்கள். ஒரு தடவை பெரிய நகரத்திலிருந்து கருவிகளோடு ஒரு அதிகாரி வந்து, பாறை இடுக்கில் காற்று புகுந்து வருகிற சத்தம் என்று சொன்னார். சரி ஐயா என்று சாப்பாடு போட்டு அனுப்பினார்கள், போகிற அன்றைக்கு அவரும் அந்த மணிக்குத்தான் தன் கைக்கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொண்டு போனார். மணி எங்கிருந்து வருகிறது என்பதில் தீவில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அதற்குப் பதில் சொல்லுகிற உரிமை யாருக்கு என்பதில்தான் குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்தன. ஏனென்றால் கடைசியில் வருகிற ஒற்றை மணியை, பக்கத்து வீட்டுக்காரர்கள் "இருக்கீயளா?" என்று கேட்பதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா, அதனால் "இருக்கோம்" என்று ஒரு மணி திருப்பி அடித்தார்கள்.

இதை ஒலிந்தா சொல்லக் கேட்டதும் செலஸ்தீனாவுக்கு ஊர் ஞாபகம் வந்தது. அமலித்துறையிலும் கடல்மணிக்குப் பின்னால் கடல் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு சத்தம் வரும். எதிரொலி என்பார் சாமியார், எதிர்மணி என்பார்கள் கடலுக்குப் போகிறவர்கள், அதற்கு மேல் யாரும் மெனக்கெட்டதில்லை.

"அது எங்க ஊரு மணிக்கா. எங்கப்பாதான் காலம் பூரா அடிச்சாவ. இப்ப எங்கண்ணன் கஸ்பார் அடிக்கான்" என்றாள்.

ஒலிந்தா பால் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தாள்.

"அப்படியா? அப்ப உங்கண்ணன்கிட்ட சொல்லு, ஞாயித்துக்கெழம மட்டுமாவது கொஞ்சம் பிந்தி அடிக்கட்டும். கண்ணசர முடியல."

விஷயம் மத்தியானத்துக்குள் தீவு பூராவும் பரவிவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து இவ்வளவு காலமும் ஒருத்தர்கூட எட்டிப்பார்க்காததுதான் அவர்களுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது. மேல்தெருக்காரர்கள் ஒரு தட்டு இனிப்பு ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, மழை உண்டா, மீன் பாடு எப்படி, மணியில் அந்தக் கீறல் எப்போது விழுந்தது, அன்றைக்கு எங்கள் பாலாடைக்கட்டியெல்லாம் திரிந்துபோனது என்று எங்க அம்மா சொல்லுவாள், என்று ஆளுக்கொன்றாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் ஒலிந்தா மாடு பார்க்கக் கிளம்பியபோது செலஸ்தீனாவும் கூடப் போனாள். மேட்டில் ஏற ஏறக் கறுப்புச் சுவர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கண்ணுக்கெட்டிய மட்டும் போயின.

"எவ்வளவு சொவருக்கா. இதெல்லாம் யாரு கட்டினது?"

"இது பக்கத்து வீட்டுச் சாவுல்லா, சாவுக்கு ஒரு கல்லு" என்றாள் ஒலிந்தா.

அங்கே சாவு மணி அடித்தால் இங்கே கிரீடம் இருக்கிற வீட்டில் பெரிய சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள். மாட்டுக்கறியும் முட்டைக்கோசும் வேகவைத்து, ரொட்டித் துண்டுகள் மேல் புதினா பரப்பி, அந்தச் சாற்றை ஊற்றி ஊரே சாப்பிடும். ஆண்கள் கரையிலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து சுவரில் வைப்பார்கள். பெயர் இல்லாத ஆத்துமாவுக்காக எப்படி வேண்டிக்கொள்வது என்று, தங்களுக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றை வைத்து வேண்டிக்கொள்வார்கள். ஒன்றுமே தெரியாத ஒரு ஊரின் சாவுக்கு இவர்கள் எத்தனை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே செலஸ்தீனா கைக்கெட்டிய கல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மெழுகுவத்தித் திருநாளு அன்னைக்கு ஒரு சாவு மணி கேட்டிருக்குமே."

"கேட்டுச்சே. திருநாள் பலகாரம் அப்படியே கெடந்துச்சு, எடுத்து வச்சிட்டுச் சட்டிய ஏத்தினோம். நல்ல மழ" என்ற ஒலிந்தா, இரண்டு சுவர் தாண்டிப் போய் ஒரு கல்லின் மேல் கையை வைத்தாள். "இந்தா, இதுதான். மனுவேல்."

"மனுவேலா?"

"மனுவேல்னுதான் பேரு வச்சோம். ஒனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"அது எங்கம்மாக்கா."

ஒலிந்தாவுக்குப் புரியவில்லை. மணி ஒற்றை ஒற்றையாகத்தானே அடித்தது, ஒற்றை என்றால் ஆண், அவன் வந்தது தனி போவதும் தனி. இரட்டை இரட்டையாக அடித்தால் பெண், அவள் வயிற்றில் இன்னொரு உயிரைச் சுமக்கிறவள், இதில் என்ன சந்தேகம் என்று கேட்டாள். செலஸ்தீனா இல்லை என்று தலையாட்டினாள். அமலித்துறையில் பெண்ணுக்குத்தான் ஒற்றை, ஆணுக்கு இரட்டை. ஏன் அப்படி என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது, கேட்கவும் மாட்டார்கள்.

ஒலிந்தா அப்படியே சுவர் மேல் உட்கார்ந்துவிட்டாள். செலஸ்தீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க அப்பாவின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லாத அம்மா இங்கே மனுவேல் என்ற பெயரில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாகத் திரும்பிவிட்டது. லிஸ்பனில் ஒரு சொட்டும் வராத அழுகை, மாடுகள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு வந்தது. ஒலிந்தா தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மணி கேட்பதற்குக் கலங்காத தீவு இதற்குக் கலங்கிப்போயிற்று. மறுநாளே கோயிலில் கூட்டம் போட்டார்கள். எல்லாருக்கும் தப்பான பெயர், ஆணையெல்லாம் மரியா என்றும் பெண்ணையெல்லாம் அந்தோனியோ என்றும் கூப்பிட்டிருக்கிறோம், என்ன செய்வது என்று ஆளாளுக்குத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். இளவயசுச் சாமியார், கடவுளுக்கு எல்லாரையும் தெரியும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

"கடவுளுக்குத் தெரியும் சாமி, அவங்களுக்குத் தெரியணும்லா?" என்று எழுந்தாள் ஒலிந்தா. "வேற யாரையோ கூப்பிடுதாங்கன்னு திரும்பிப் பாக்காமலே போயிருப்பாவ."

கடைசியில், மேட்டுச் சுவர்களை வீட்டுக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக்கொண்டு, போய் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. கோயிலில் பாடுவதற்குக்கூட ஒன்றுசேராத மேல்தெருவும் துறையும் வேலை முடிந்த நேரங்களில் ஒன்றாக மேட்டில் ஏறி, ஒவ்வொரு கல்லாகத் தொட்டு, மன்னிக்கணும் அம்மா, உங்கள அந்தோனியோன்னு கூப்பிட்டுட்டோம், இனிமே அந்தோனியா, மன்னிக்கணும் ஐயா, மரியா இல்ல, மாரியோ, என்று சொல்லிக்கொண்டே போனார்கள். ரெஜினாவின் கல்லுக்கு மட்டும் விர்ஜிலியோ தானே போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மனுவேல் என்ற பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ரெஜினா என்ற பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதற்குள் செலஸ்தீனாவின் லீவு முடிந்துபோயிருந்தது. மூடுபனி இறங்கியதால் விமானம் வரவில்லை, வரும்போது வரும் என்றார் விர்ஜிலியோ. அன்றைக்குச் சாயங்காலம் அவரே, நாளைக்கு எதிர்மணியை நீயே அடி, உன் வீட்டுக்குத்தானே பதில் என்றார். பரம்பரை பரம்பரையாகச் சண்டைபோட்டு வாங்கிய உரிமையை அவர் அவ்வளவு சாதாரணமாகக் கையில் கொடுத்தார்.

விடியும்போது அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா அவளை மணி அடிக்க விடுவார். அவள் எப்போதும் கயிற்றை முதலில் லேசாக ஒரு இழுப்பு இழுப்பாள், நாக்கு மணியின் விளிம்பைச் சும்மா தொட்டுவிட்டு வரும், அதற்குப் பிறகுதான் அடி விழும். அந்தப் பழக்கம் அவள் கையை விட்டுப் போகவில்லை. கடல்மணி வந்தது, மந்திரத்தை மனசுக்குள் சொல்லாமல் வாய்விட்டே சொல்லி முடித்து, தொட்டு, அடித்தாள்.

பால் வண்டி போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கஸ்பார் போன் பண்ணினான்.

"தங்கச்சி, அப்பா இன்னைக்குக் கண்ணத் தொறந்தாவ. கடல்மணி அடிச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். எதிர்மணி கேட்டுச்சுல்லா, அப்ப தொறந்தாவ. 'மணிய அடிக்கச் சொன்னா கொஞ்சுதா பாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாவ. எத்தன நாளாச்சு அவுக பேசி. யாரச் சொன்னாவன்னுதான் தெரியல."

"என்னத்தான்ணே. நான்தான் அடிச்சேன்" என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அமலித்துறைக்காரர்களும் லேசில் ஆச்சரியப்படுகிறவர்கள் இல்லை.

"சரி" என்றான் கஸ்பார். "அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

அடுத்த சில நாட்கள் அவள்தான் அடித்தாள். பனி விலகிய அன்றைக்கு மத்தியான விமானத்தைப் பிடிக்க விர்ஜிலியோவின் டாக்சியில் ஏறினாள். மேட்டுப் பாதையில் போகும்போது மணி அடித்தது. அது எந்த மணிக்குமான நேரம் இல்லை. விர்ஜிலியோ வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றினார். இரட்டை இரட்டையாக, இடைவெளி விட்டு, இரட்டை இரட்டையாக. நடுவில் ஓர் அடி பிசகி விழுந்தது. அழுதுகொண்டே அடித்தால் கஸ்பாருக்கு அப்படித்தான் விழும்.

"ஆம்பள" என்றார் விர்ஜிலியோ மெதுவாக, அவளைப் பார்க்காமல்.

"ஆமா அண்ணாச்சி. எங்கப்பா."

அவர் வண்டியைத் திருப்பினார். விமானம் அன்றைக்கு அவளை விட்டுவிட்டுப் போயிற்று. பெட்டி ஏற்றவும் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கவும் ஆள் இல்லாமல் கொஞ்சம் பிந்திப் போயிற்று.

கஸ்பார் கூப்பிட்டபோது, அவன் சொல்வதற்கு முந்தியே, "மணி கேட்டுச்சுண்ணே" என்றாள் அவள். இரண்டு பேரும் அழுதார்கள். நாளைச் சாயங்காலம் அடக்கம் என்று மட்டும் சொன்னான்.

பக்கத்து வீட்டுச் சாவு என்றால் இதுவரை சாவுவீடு அங்கேதான் இருந்தது, சட்டியும் கல்லும் மட்டும் இங்கே. இப்போது சாவுவீட்டுப் பெண்ணே அவர்கள் நடுவில் இருந்தாள். அவளை அடுப்புப் பக்கம் விடக்கூடாது என்று ஒலிந்தா சொல்லிவிட்டாள். அமலித்துறையிலும் சாவுவீட்டில் அடுப்பு எரியாது, மற்றவர்கள்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். கிரீடம் இதற்குள் மேல்தெருவுக்குப் போயிருந்தது, ஆனாலும் சாவுவீடு ஒலிந்தாவின் வீடுதான் என்று அவர்கள் சமைத்து அங்கேயே கொண்டுவருவதாகச் சொன்னார்கள். முன்வாசலில் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள். மேல்தெருப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஆண்கள் வந்து, அவள் கையைத் தொட்டு, ஒரு வார்த்தை சொல்லி, வெளியே போய் நின்றார்கள். ஊரில் அப்பா இறந்திருந்தால் எப்படி நடந்திருக்குமோ அப்படித்தான் நடந்தது.

மறுநாள் காலையில், ஊரில் சாயங்காலம் ஆகிற நேரத்தில், கரைக்குப் போய் அவளே ஒரு கல் எடுத்தாள். கனமாகத்தான் இருந்தது, ஆனாலும் வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. தீவு முழுக்கப் பின்னால் நடந்து வர, மேட்டுக்குச் சுமந்துபோனாள். சாமியார் மந்திரம் சொன்னார். ரெஜினாவின் கல்லுக்கு மேலே அதை வைத்து, அசையாமல் உட்கார்கிறதா என்று அழுத்திப் பார்த்து, கீழே குனிந்து ஒரு பிடி மண் எடுத்துச் சந்தில் போட்டாள்.

"பேரு என்ன?" என்று ஒலிந்தா கேட்டாள். அந்தச் சுவரில் வைத்த எந்தக் கல்லுக்கும் அவர்கள் யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததில்லை.

"இன்னாசி" என்றாள் செலஸ்தீனா. "இன்னாசி மச்சாது."

எல்லாரும் தங்கள் வாய்க்கு வந்தபடி அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார்கள். அப்போது கீழே கோயிலில் மணி அடிக்கத் தொடங்கியது. கூட்டத்தில் விர்ஜிலியோவைக் காணவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். சாவு மணிக்குத் தீவு ஒருநாளும் பதில் அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தது, சரியாக, இரட்டை இரட்டையாக.

எல்லாரும் இறங்கி ஒலிந்தாவின் வீட்டுக்கு வந்து, முற்றத்தில் நீள மேசைகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றான் கஸ்பார். குரல் கம்மியிருந்தது. "தங்கச்சி, குழிக்குள்ள மண்ணு போடப் போற நேரம் கடல்ல இருந்து மணி வந்துச்சு. நான் இங்க கயித்தத் தொடவே இல்ல. ஊரே நின்னு கேட்டுச்சு. ரெட்டை ரெட்டையா, தெளிவா வந்துச்சு. நீதான அடிச்ச?"

"நான் இல்லண்ணே. நான் கல்லுகிட்ட நின்னேன்."

"பெறவு யாரு?"

செலஸ்தீனா திரும்பிப் பார்த்தாள். ரொட்டித் துண்டுகள் மேல் புதினா பரப்பியாயிற்று, சட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. சாவுவீட்டுக்காரி வந்து உட்காரச் சொல்லட்டும் என்று, தீவு முழுக்க, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பெறவு சொல்லுதேண்ணே" என்றாள். "இப்ப போன வச்சிரட்டுமா? அப்பாவுக்கு வந்தவங்களச் சாப்பிட உக்கார வைக்கணும்."